சாலட்டுக்கு பாட்டில் வேண்டாம், கத்தி எடுங்க

1/ கொஞ்சம் நீளமான த்ரெட். எடமலைப்பட்டி புதூர்ல என் கிளினிக்குக்கு வர்ற சுகர், பிரஷர் நோயாளிகள்கிட்ட "தினமும் ஒரு கிண்ணம் பச்சைக் காய்கறி சாலட் சாப்பிடுங்க"ன்னு சொன்னா, அஞ்சு பதில்தான் சுத்திச் சுத்தி வருது.

"அது நம்ம ஊர் சாப்பாடு இல்ல சார்."
"கட்டுப்படியாகாது சார்."
"அந்த சாஸ் பாட்டில் எது வாங்கணும்?"
"பச்சையா தின்னா மூளைக்குப் புழு ஏறிடுமாமே?"
"வீட்டுல செய்ய மாட்டேங்கறாங்க டாக்டர்."

2/ அஞ்சுக்கும் இங்கேயே பதில் சொல்லிடறேன். நடுவுல செய்முறையும் வரும். அஞ்சாவது பதில் மேலதான் எனக்குக் கோபம் ஜாஸ்தி. அதைக் கடைசிக்கு வெச்சிருக்கேன்.

3/ முதல்ல "நம்ம சாப்பாடு இல்ல."

பழைய சோத்துக்கு சின்ன வெங்காயம் கடிச்சது யாரு? பிரியாணிக்கு தயிர் வெங்காயம் இல்லைன்னா கடைக்காரர்கிட்ட சண்டை போடறது யாரு? வெயில் காலத்துல வெள்ளரிப் பிஞ்சைக் கீறி உப்பும் மிளகாய்ப்பொடியும் தடவித் தின்னது யாரு? ராமநவமிக்கு பானகம், நீர்மோரோட ஊறவெச்ச பாசிப்பருப்பும் வெள்ளரியும் கலந்து கொடுக்கற கோசுமல்லிக்கு என்ன பேரு?

எல்லாமே சாலட்தான். பேரு மட்டும்தான் இங்கிலீஷ்.

4/ நம்மகிட்ட இருக்கற குறை அளவுல. வாழை இலை ஓரத்துல ஊறுகாய்க்குப் பக்கத்துல ஒரு ஸ்பூன் வைப்போம். சோறு மட்டும் மலை மாதிரி நடுவுல.

ஐ.சி.எம்.ஆரும் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2024 மே மாசம் வெளியிட்ட உணவு வழிகாட்டுதலைப் பாருங்க. ஒரு நாளைக்கு 2000 கலோரி சாப்பிடறவருக்கு தானியம் 250 கிராம், காய்கறி 400 கிராம். தானியத்தை விட காய்கறி அதிகம்! நம்ம தட்டுல இது அப்படியே தலைகீழா இருக்கு.

5/ இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்? 2023-ல வெளிவந்த ஐ.சி.எம்.ஆர்-இந்தியாப் ஆய்வுப்படி இந்தியாவுல சர்க்கரை நோயாளிகள் சுமார் 10 கோடி. பெரியவங்கள்ல 11.4 சதவீதம். தமிழ்நாட்டுல அந்த சராசரியை விட அதிகம்.

இவங்க எல்லாருக்கும் ஆஸ்பத்திரிகள்ல "டயட் கன்ட்ரோல் பண்ணுங்க"ன்னு ஒரே வரில சொல்லி அனுப்பிடறாங்க. எப்படிப் பண்றதுன்னு யாரும் உக்காந்து சொல்றதில்ல. அந்தக் காலி இடத்துலதான் பாட்டில் கம்பெனியும் யூடியூப் வைத்தியரும் வந்து உக்காந்துக்கறாங்க.

6/ ரெண்டாவது: "கட்டுப்படியாகாது."

ஆன்லைன்ல ஆர்டர் பண்ற "டயட் பவுல்"னா நிச்சயமா கட்டுப்படியாகாது. அதுல பாதி இலை, கால்வாசி சாஸ், மீதி டப்பா காசு. அவகாடோ, லெட்டூஸ், ஆலிவ் எண்ணெய் இல்லாம சாலட்டே இல்லைன்னு நம்மளை நம்ப வெச்சது யாவாரம்.

7/ திருச்சிக்காரங்களுக்கு இதைச் சொல்லவே கூடாது. காந்தி மார்க்கெட் இருக்கு. தென்னூர்லயும் கே.கே.நகர்லயும் உழவர் சந்தை இருக்கு. சாயங்காலம் தெருவுக்குத் தெரு தள்ளுவண்டி வருது. வெள்ளரி, கேரட், முள்ளங்கி, வெங்காயம், தக்காளி, எலுமிச்சை, கொத்தமல்லி. இதுல எது கிடைக்காத பொருள்?

8/ எது சீசனோ அதை வாங்குங்க. 2023 ஜூலைல தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டிச்சே, அப்ப தக்காளியை விட்டுட்டு வெள்ளரி, முள்ளங்கில செஞ்சிருக்கலாம். ஒரு குடியும் முழுகாது. சாலட்டுக்கு கட்டாயக் காய்னு எதுவும் கிடையாது.

இன்னொண்ணு: காவிரிக் கரைல இருந்துக்கிட்டு வாழைத்தண்டை மறந்துட்டோம். தேசிய வாழை ஆராய்ச்சி மையமே நம்ம திருச்சிலதான் இருக்கு. இளம் தண்டை நார் எடுத்து, பொடியா நறுக்கி மோர்ல போட்டா கறுக்காது. பிழிஞ்சு சாலட்ல சேருங்க. மொறுமொறுன்னு இருக்கும், நார்ச்சத்தும் உண்டு.

9/ மூணாவது, பாட்டில். "டிரெஸ்ஸிங்"னு சொன்னா நம்ம ஊர்ல புண்ணுக்குக் கட்டுப் போடறதைத்தான் நினைப்பாங்க. நான் சொல்றது சாலட் மேல ஊத்திக் கலக்கற சாறு. புளிப்பு, எண்ணெய், உப்பு, காரம், இந்த நாலும்தான் அது. இந்த நாலும் இல்லாத சமையல்கட்டு தமிழ்நாட்டுல இருக்கா?

10/ கடைல வாங்கின பாட்டிலைத் திருப்பிப் பாருங்க. உட்பொருட்கள் பட்டியல்ல எது எடைல அதிகமோ அதைத்தான் முதல்ல போடணும்ங்கறது சட்டம். சர்க்கரை எத்தனையாவது இடத்துல இருக்கு? உப்பு, அதாவது சோடியம், எவ்வளவு?

சுகருக்காக சாலட் சாப்பிட ஆரம்பிச்சு, சர்க்கரை கலந்த சாஸை அது மேல ஊத்தறது, ஓட்டை வாளில தண்ணி இறைக்கற கதை.

11/ மயோனைஸ் தனிக்கதை. வழக்கமான முட்டை மயோனைஸ்ல பெரும்பங்கு எண்ணெய்தான். ஒரு டேபிள்ஸ்பூன்ல சுமார் 90 கலோரி. நாலு ஸ்பூன் போட்டா நாலு இட்லியைத் தாண்டிடும்.

கலோரியை விடுங்க. வேகவெக்காத முட்டைல செஞ்ச மயோனைஸ்ல சால்மோனெல்லா மாதிரி கிருமிகள் வளரும். தெலங்கானா 2024 அக்டோபர்ல ஓராண்டுக்குத் தடை போட்டுச்சு. தமிழக அரசும் 2025 ஏப்ரல் 8-ல இருந்து ஓராண்டுக்கு, பச்சை முட்டை மயோனைஸைத் தயாரிக்க, சேமிக்க, விற்கத் தடை விதிச்சுது. ஷவர்மா கடைக்கு மட்டும்தான் இது பாடம்னு நினைக்காதீங்க. மிக்ஸில பச்சை முட்டையை அடிச்சு வீட்டுல செய்யறவங்களுக்கும் இதே பாடம்தான்.

12/ "அப்ப எண்ணெயே இல்லாம சாப்பிட்டுக்கறேன் டாக்டர்"னு சில பேர் வீரமா கிளம்புவாங்க. அதுவும் தப்பு.

2004-ல அமெரிக்காவுல அயோவா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரே மாதிரி சாலட்டை கொழுப்பில்லாத, கொழுப்பு குறைஞ்ச, முழுக் கொழுப்புள்ள டிரெஸ்ஸிங்கோட கொடுத்துப் பார்த்தாங்க. சின்ன ஆய்வுதான். கொழுப்பே இல்லாதப்ப கேரட், தக்காளில இருக்கற கரோட்டினாய்டு சத்துகள் ரத்தத்துக்குக் கிட்டத்தட்ட போகவே இல்ல. அது கொழுப்புல கரையற சத்து. வாகனம் இல்லாம ஊர் போய்ச் சேராது.

13/ அதனால ஆளுக்கு ஒரு டீஸ்பூன் எண்ணெய் வேணும். நல்லெண்ணெய் போதும். இட்லிப் பொடிக்குக் குழி பறிச்சு ஊத்தறீங்களே, அதே எண்ணெய். கடலை எண்ணெயும் சரி. ஆலிவ் எண்ணெய் நல்லதுதான், ஆனா அது இல்லைங்கறது சாலட் சாப்பிடாததுக்குக் காரணம் ஆகாது.

14/ இப்ப செய்முறை. நாலு பேருக்கு.

வெள்ளரி 2, கேரட் 2, தக்காளி 2, பெரிய வெங்காயம் 1. ரெண்டு மணி நேரம் ஊறவெச்சு வடிச்ச பாசிப்பருப்பு கால் கப். கொத்தமல்லி ஒரு கைப்பிடி.

வெள்ளரியோட நுனியைக் கடிச்சுப் பாருங்க. கசந்தா மொத்தமா தூக்கிப் போடுங்க. கேரட்டைத் துருவுங்க, மத்ததைப் பொடியா நறுக்குங்க. ஆளுக்கு சுமார் 150 கிராம் வரும். ஒரு நாள் காய்கறிக் கணக்குல மூணுல ஒரு பங்குக்கு மேல முடிஞ்சுது. மீதி பொரியல், கூட்டு, கீரை பார்த்துக்கும்.

15/ டிரெஸ்ஸிங். மூடி இறுக்கமான ஒரு சின்ன கண்ணாடி பாட்டில் எடுத்துக்கோங்க. (ஜாம் காலியான பாட்டில் போதும். பாட்டில் வேண்டாம்னு தலைப்பு போட்டது அதுக்குள்ள இருந்த சரக்கைச் சொல்லி!)

எலுமிச்சைச் சாறு 2 டேபிள்ஸ்பூன்
நல்லெண்ணெய் 4 டீஸ்பூன்
உப்பு அரை டீஸ்பூன்
மிளகுத்தூள் அரை டீஸ்பூன்
வறுத்துப் பொடிச்ச சீரகம் கால் டீஸ்பூன்
இஞ்சித் துருவல் கால் டீஸ்பூன்
கடுகுப் பொடி ஒரு சிட்டிகை

மூடி போட்டு அரை நிமிஷம் நல்லா குலுக்குங்க. முடிஞ்சுது.

16/ கடுகு எதுக்கு? எண்ணெயும் சாறும் தானா ஒட்டாது. கடுகுப் பொடி ரெண்டையும் கொஞ்ச நேரம் பிடிச்சு வெக்கும். கம்பெனிக்காரங்க பாட்டில்ல இதுக்குன்னே தனிப் பொருள் சேர்க்கறாங்க. உங்க வீட்டு அஞ்சறைப்பெட்டில அது ஏற்கனவே இருக்கு.

உப்பைப் பாருங்க. அரை டீஸ்பூன்னா சுமார் 3 கிராம். நாலு பேருக்குப் பிரிச்சா ஆளுக்கு ஒரு கிராம் கூட இல்ல. ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராமுக்குக் கீழன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. பிரஷர் இருக்கறவங்க இதையும் பாதியாக்கி, எலுமிச்சையைக் கூட்டிக்கோங்க. புளிப்பு ஏறினா உப்பு குறைஞ்சது நாக்குக்குத் தெரியாது.

17/ எலுமிச்சை பிடிக்கலையா? அரை கப் தயிர், ஒரு கைப்பிடி புதினா கொத்தமல்லி, ஒரு பச்சை மிளகாய், சீரகம், துளி உப்பு. மிக்ஸில ஒரு சுத்து. மயோனைஸ் பிரியர்களுக்கு இதோட வறுத்த வேர்க்கடலைப் பொடி ஒரு டேபிள்ஸ்பூன் சேர்த்துக் கொடுத்துப் பாருங்க. அந்தக் கொழகொழப்பு அப்படியே வரும்.

18/ முக்கியமான ஒரு நுணுக்கம். டிரெஸ்ஸிங்கை சாப்பிடறதுக்குச் சற்று முன்னாடிதான் ஊத்தணும். உப்பு பட்டதும் காய் தண்ணி விடும், சாலட் குழம்பாயிடும். ஆபீஸுக்கு எடுத்துட்டுப் போறவங்க சின்ன டப்பால தனியா கொண்டு போங்க. காயையும் ஐஸ் பேக்கோட இல்ல ஃப்ரிட்ஜ்ல வெக்கணும். நறுக்கின காயை நம்ம ஊர் வெயில்ல ஒரு மணி நேரத்துக்கு மேல வெளிய வெக்காதீங்க.

19/ எப்ப சாப்பிடணும்? சோத்துக்கு முன்னாடி. 2015-ல நியூயார்க் வெயில் கார்னெல் மருத்துவக் கல்லூரில சர்க்கரை நோயாளிகள் 11 பேருக்கு ஒரே சாப்பாட்டை ரெண்டு வரிசைல கொடுத்தாங்க. காய்கறியும் கோழிக்கறியும் முதல்ல, மாவுச்சத்து பிறகுன்னு சாப்பிட்டப்ப, ஒரு மணி நேரம் கழிச்சுப் பார்த்த சர்க்கரை மூணுல ஒரு பங்குக்கு மேல குறைவா இருந்துது. 11 பேர்தான், அதனால இதை வெச்சு வானத்தை வில்லா வளைக்க முடியாது. ஆனா காசு செலவில்லை, பக்க விளைவும் இல்லை. செஞ்சு பார்க்க என்ன தயக்கம்?

20/ இன்னொரு லாபம். தேசிய குடும்ப நல ஆய்வு (2019-21) படி தமிழ்நாட்டுப் பெண்கள்ல பாதிக்கும் மேல ரத்தசோகை. பருப்புலயும் கீரைலயும் இருக்கற இரும்புச்சத்து உடம்புல சேர வைட்டமின் சி உதவும். எலுமிச்சை பிழிஞ்ச பாசிப்பருப்பு சாலட்டை, பருப்புச் சோறு சாப்பிடற அதே வேளைல சாப்பிட்டா அந்த உதவி கிடைக்கும். சாப்பிட்ட கையோட காபி டீ குடிச்சா அந்த லாபம் போச்சு. ஒரு மணி நேரமாவது தள்ளிப் போடுங்க.

21/ நாலாவது: "மூளைக்குப் புழு." இந்தப் பயத்தைக் கிண்டல் பண்ண மாட்டேன். நியாயமான பயம். நாடாப்புழு முட்டைகள் மனுஷ மலத்துல இருந்து மண்ணுக்கும் தண்ணிக்கும் வந்து, காய்ல ஒட்டி, வயித்துக்குள்ள போய் மூளைல கட்டியாகி வலிப்பு வரலாம். சுத்த சைவம் சாப்பிடறவங்களுக்கும் வரும்.

ஆனா குற்றவாளி முட்டைக்கோஸ் இல்ல. கழுவாத காயும் கழுவாத கையும்தான். இதுக்குப் பயந்து சாலட்டை விடறவங்க ரோட்டோரத்துல நறுக்கி வெச்ச பழத்தையும், பானிபூரித் தண்ணியையும் தைரியமா சாப்பிடறாங்களே, அது எந்த ஊர் நியாயம்?

22/ கழுவற முறை: முதல்ல சோப்புப் போட்டுக் கையைக் கழுவுங்க. காயை நறுக்கறதுக்கு முன்னாடி, ஓடற தண்ணில ஒவ்வொண்ணா தேய்ச்சுக் கழுவுங்க. கடைசியா கொதிக்க வெச்சு ஆற வெச்ச தண்ணில ஒரு தடவை அலசுங்க. கேரட், முள்ளங்கியைத் தோல் சீவுங்க. முட்டைக்கோஸ் மேல் இலை ரெண்டு மூணைத் தூக்கிப் போட்டு, மீதியை இதழ் இதழாப் பிரிச்சுக் கழுவுங்க. காயை சோப்புப் போட்டுக் கழுவாதீங்க. கறி வெட்டற பலகையும் கத்தியும் சாலட் பக்கமே வரக்கூடாது.

23/ பச்சையா சாப்பிடக் கூடாததும் இருக்கு. பீன்ஸ், சேனை, மரவள்ளி எல்லாம் வெந்துதான் இலைக்கு வரணும். கசப்பான சுரைக்காய் ஜூஸ் உயிருக்கே ஆபத்து, ஐ.சி.எம்.ஆர் நிபுணர் குழுவே எச்சரிச்சிருக்கு. முளைகட்டின பயறுல கிருமி சீக்கிரம் பெருகும். அதை அஞ்சு நிமிஷம் ஆவில வேக வெச்சுச் சேருங்க.

24/ யாரெல்லாம் டாக்டரைக் கேட்டுட்டு ஆரம்பிக்கணும்? கிட்னி பாதிப்பு இருக்கறவங்க (பொட்டாசியம் கணக்கு இருக்கு). கீமோதெரபி எடுக்கறவங்க, உறுப்பு மாற்று செஞ்சவங்க. கர்ப்பிணிகள் கழுவறதுல ரெண்டு மடங்கு கவனமா இருங்க, பருப்பையும் வேக வெச்சுக்கோங்க. வார்ஃபரின் மாத்திரை சாப்பிடறவங்க கீரை வகைகளைத் திடீர்னு கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

தைராய்டுக்காரங்க முட்டைக்கோஸைப் பார்த்து ஓட வேண்டியதில்ல. அயோடின் உப்பு சேர்த்துக்கிட்டு சாதாரண அளவுல சாப்பிட்டா ஒண்ணும் ஆகாது.

25/ இன்னொரு எச்சரிக்கை. சாலட் சர்க்கரை நோயைக் "குணமாக்கும்", மாத்திரையை நிறுத்துன்னு சொல்ற வீடியோவை உடனே மூடிடுங்க. இன்சுலின் போட்டுட்டு சோத்தை மொத்தமா விட்டுட்டு வெறும் வெள்ளரி தின்னா, சர்க்கரை கீழ இறங்கி மயக்கம் போட்டு விழுவீங்க. சாலட் மருந்துக்குத் துணை. மருந்தோட நாற்காலில அதை உக்கார வெக்காதீங்க.

26/ இப்ப அஞ்சாவது. "வீட்டுல செய்ய மாட்டேங்கறாங்க."

இதைச் சொல்றவர் பெரும்பாலும் ஆம்பள. வயசு நாப்பதுல இருந்து அறுபது. கை கால் நல்லா இருக்கு. "வீட்டுல"ன்னு அவர் சொல்றது கட்டடத்தை இல்ல, மனைவியை. பக்கத்துலயே அவங்க தலை குனிஞ்சு உக்காந்திருப்பாங்க, ஏதோ இவரோட ஹெச்பிஏ1சி ஏறினது அவங்க செஞ்ச குத்தம் மாதிரி.

27/ ஐயா, சுகர் யாருக்கு? உங்களுக்கு. காலைல எழுந்து டீ, டிபன், மத்தியானச் சாப்பாடு, பிள்ளைங்க டப்பா, மாமியாருக்கு உப்பில்லாத குழம்புன்னு தனித்தனியா செஞ்சு முடிச்சவங்க, உங்களுக்காக ஆறாவதா கேரட்டும் துருவணுமா? அவங்களுக்கு சுகர் இருந்தா நீங்க என்னிக்காவது துருவியிருக்கீங்களா? பெரும்பாலான வீட்டுல அவங்க சுகரை டெஸ்ட் பண்ணியே பல வருஷம் ஆயிருக்கும்.

28/ "எனக்கு சமைக்கத் தெரியாது"ங்கற சாக்கு இங்க செல்லாது. இதுல அடுப்பே இல்ல. தாளிப்பு இல்ல, பதம் இல்ல, கருகறதுக்கு ஒண்ணுமே இல்ல. ஷேவிங் பண்ணத் தெரிஞ்சவருக்கு கேரட் தோல் சீவத் தெரியாதா? கழுவ, நறுக்க, குலுக்க எல்லாம் சேர்த்து கால் மணி நேரம். அந்த நேரத்துல நீங்க எத்தனை ரீல்ஸ் தள்ளி விடறீங்கன்னு உங்க போனே சொல்லும்.

29/ அம்மாக்களுக்கும் ஒரு வார்த்தை. பையன் கத்தியைத் தொட்டா "நீ ஏம்ப்பா"ன்னு பிடுங்காதீங்க. பத்து வயசுல வெள்ளரி நறுக்கக் கத்துக்கிட்டவன் அம்பது வயசுல டாக்டர் முன்னாடி "வீட்டுல செய்ய மாட்டேங்கறாங்க"ன்னு சொல்ல மாட்டான்.

30/ சாலட்டுக்கு வேண்டியது கத்தி, எலுமிச்சை, நல்லெண்ணெய், சுத்தமான தண்ணி, கால் மணி நேரம். இதுல எதுவும் உங்ககிட்ட இல்லாததில்ல.

நாளைக்கு மத்தியானம் நாலு கிண்ணம் செய்யுங்க. ஒண்ணு உங்களுக்கு. இன்னொண்ணை, இத்தனை வருஷம் உங்களுக்குப் பரிமாறினவங்க உக்காந்திருக்க நீங்க பரிமாறுங்க. செஞ்சவங்க கீழ போட்டோ போடுங்க. ஆனா நறுக்கினது யாருன்னும் சேர்த்து எழுதணும், அதுதான் ரூல்.

பிடிச்சிருந்தா வீட்டு வாட்ஸ்அப் குரூப்புக்குத் தட்டி விடுங்க.